ஃபேர்ஃபோர்டு புனித மரியாள் ஆலயம்: கண்ணாடியில் ஒரு முழு ஞானோபதேசம்

இங்கிலாந்துக்கு வரும் சொந்தக்காரர்கள் ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்போர்டு என்று ஒரு பட்டியலோடுதான் வந்து இறங்குவார்கள். ஸ்விண்டனில் குடியிருப்பதால் அந்தப் பட்டியலில் ஃபேர்ஃபோர்டையும் நானே சேர்த்துவிடுவேன். எங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம். குளோஸ்டர்ஷயரில், கோல்ன் ஆற்றங்கரையில் உள்ள சின்ன ஊர். சந்தைத் திடலை ஒட்டியே புனித மரியாள் ஆலயம். வெளியிலிருந்து பார்த்தால் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் எங்கும் காணும் தேன் நிறக் கல் கோவில்தான். உள்ளே போனால் 28 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், கிட்டத்தட்ட எல்லாம் ஐந்நூறு வருடப் பழசு, ஒரே திட்டத்தில் செய்து வைத்தவை.

இந்த 28 என்ற எண்ணை அழுத்திச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பழைய வண்ணக் கண்ணாடி உள்ள பங்குக் கோவில்கள் (ஒரு ஊர் மக்களுக்கான கோவில்கள்) எத்தனையோ உண்டு. ஒன்றில் ஒரு தலை மிஞ்சியிருக்கும், இன்னொன்றில் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிய ஜன்னல் இருக்கும், மற்றதெல்லாம் வெறும் வெள்ளைக் கண்ணாடி. அரசர் எட்டாம் ஹென்றி ரோமிலுள்ள போப்பாண்டவரோடு உறவை முறித்த பிறகு, அவர் மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில் கோவில் உருவங்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதில் தப்பியதை 1640களின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் கடுமையான புராட்டஸ்டண்டுகளான தூய்மைவாதிகள் உடைத்தார்கள். அந்த இரண்டு அலைகளையும் தாண்டி, ஒரு பங்குக் கோவிலின் கண்ணாடி மொத்தமும் வரிசை கெடாமல் நிற்பது இங்கிலாந்திலேயே இங்கே மட்டும்தான். அதனால்தான் இதை ஒரு ஜன்னலாகவோ பத்து ஜன்னலாகவோ பார்க்காமல், முதலிலிருந்து கடைசி வரை வரிசையாகப் படிக்க வேண்டும் என்கிறேன். இந்த விமர்சனத்தில் நான் சொல்ல வருவதும் அதைத்தான்.

கோவிலைக் கட்டியது ஆட்டு ரோமத்துப் பணம். ஜான் டேம் என்ற கம்பளி வியாபாரி 1490களில் பழைய கோவிலைப் பெரும்பாலும் இடித்துப் புதிதாக எழுப்பினார். 1497-இல் அர்ச்சிப்பு, அதாவது கோவிலைப் புனிதப்படுத்தும் சடங்கு, நடந்தது. 1500-இல் அவர் இறந்துபோக, மகன் எட்மண்ட் டேம் மீதி வேலையை முடித்தார். கண்ணாடிகள் 1500-க்கும் 1517-க்கும் நடுவே ஏறியவை. அரசருடைய கண்ணாடிக் கலைஞராக இருந்த பர்னார்ட் ஃபிளவர் என்பவரின் பட்டறையில் செய்தவை என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அவர் கடல் கடந்து வந்து லண்டனில் தொழில் செய்தவர், கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆலயத்தின் கண்ணாடி வேலையைத் தொடங்கி வைத்தவர். ஒரு கிராமத்து வியாபாரிக்கு அரசரின் கலைஞர் கிடைத்தார் என்றால், காட்ஸ்வோல்ட்ஸ் கம்பளிக்கு அன்றைக்கு என்ன மதிப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஜான் டேமின் கல்லறை உள்ளேயே, பீடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

நான் பலமுறை போயிருக்கிறேன். ஆனால் என் அம்மாவோடு போன அன்றுதான் இந்தக் கோவில் எனக்கு முழுதாகப் புரிந்தது. அம்மா குளச்சல் பக்கம். இங்கிலீஷ் தெரியாது, லத்தீன் கேட்கவே வேண்டாம். ஞானோபதேசம், அதாவது கத்தோலிக்க மறைக்கல்விப் பாடம், முழுக்க மனப்பாடம். வாசலில் நின்றுகொண்டு, "மக்களே, இது நம்ம கோவிலா, சி.எஸ்.ஐ.யா?" என்று கேட்டார். கத்தோலிக்கமா, புராட்டஸ்டண்டா என்பதுதான் கேள்வி. இப்போது இது இங்கிலாந்து திருச்சபையின் கோவில், கண்ணாடி செய்த காலத்தில் எல்லாருக்கும் ஒரே சபைதான் என்றேன். "அப்போ சரி" என்று சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

உள்ளே நுழைகிறவர்கள் பெரும்பாலும் நேரே மேற்குப் பக்கம் திரும்பிவிடுவார்கள். அங்கேதான் கடைசித் தீர்வையின் (உலக முடிவில் கிறிஸ்து சொல்லும் தீர்ப்பின்) பெரிய ஜன்னல், நரகம், பசாசுகள். என் பையனும் அப்படித்தான் ஓடினான். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள் என்பது என் முதல் யோசனை. வடக்குச் சுவரில், பீடத்தை நோக்கிப் போகிற பக்கம், ஏவாள் இருக்கும் ஜன்னலைக் கண்டுபிடியுங்கள். கதை அங்கே தொடங்குகிறது.

அந்த முதல் ஜன்னலில் நாலு பழைய ஏற்பாட்டுக் காட்சிகள். பாம்பின் பேச்சில் விழும் ஏவாள். எரியும் முட்செடியின் முன் மோயீசன் (மோசே). கம்பளித் தோலை விரித்துப் போட்டுக் கடவுளிடம் அடையாளம் கேட்கும் கிதியோன். சாலமோனைப் பார்க்கக் காணிக்கையோடு வரும் சேபா நாட்டு அரசி. இந்த நாலையும் ஏன் ஒன்றாக வைத்தார்கள் என்று தெரியாவிட்டால் வெறும் அழகுதான். தெரிந்தால் அப்படியே நின்றுவிடுவீர்கள். நாலும் மாதாவைப் பற்றியவை. ஏவாள் கெடுத்ததை மரியாள் சரிசெய்கிறார். முட்செடி எரிந்தும் கருகவில்லை, மரியாள் தாயாகியும் கன்னி. கிதியோனின் தோல் மட்டும் பனியில் நனைந்து சுற்றியுள்ள தரை காய்ந்து கிடந்தது, அதுபோலத்தான் பரிசுத்த ஆவி அவர்மேல் இறங்கியது. காணிக்கை கொண்டுவரும் சேபா அரசி, பின்னால் வரப்போகும் மூன்று ராஜாக்களுக்கு முன்னோட்டம். கோவிலே புனித மரியாள் பெயரில் இருப்பதால் கதையும் அவரிடமிருந்தே புறப்படுகிறது.

அடுத்த ஜன்னலில் அம்மா என்னைத் தாண்டிப் போய்விட்டார். ஒரு வயதான ஆணும் பெண்ணும் ஒரு வாசலின் முன் தழுவிக்கொள்ளும் காட்சி. கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன், அதற்குள் அவரே சொன்னார்: "சுவக்கீனும் அன்னம்மாளும். பிள்ளை இல்லாம அழுதுகிட்டுக் கெடந்தாங்க இல்லியா, சம்மனசு வந்து சொன்ன பொறவு வாசல்ல வச்சு சந்திக்கது." அவர்கள் மாதாவின் பெற்றோர், சம்மனசு என்றால் வானதூதர். அப்படியே மாதா பிறந்தது, சிறுமியாக ஆலயத்தில் காணிக்கையானது, சூசையப்பரோடு (யோசேப்போடு) திருமணம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தார். இந்த நாலு காட்சிகளும் நற்செய்திகளில் கிடையாது. வேதத்துக்கு வெளியே வழங்கி வந்த பழைய கதைகள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் குளோஸ்டர்ஷயர் விவசாயிக்குத் தெரிந்திருந்த அதே கதைகளைக் குளச்சல் கடற்கரையில் வளர்ந்த என் அம்மாவும் சொந்தக் குடும்பக் கதை மாதிரி சொல்கிறார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதி கையேட்டில் விடை தேடிக்கொண்டிருந்தார்கள். அம்மா சொல்வதை நான் இங்கிலீஷில் எடுத்துச் சொன்னேன், அவர்கள் அப்புறம் கொஞ்ச நேரம் எங்களோடேயே நடந்தார்கள்.

பிறகு மங்கள வார்த்தை (இயேசு பிறப்பார் என்று சம்மனசு மரியாளிடம் அறிவித்தது), கிறிஸ்து பிறப்பு, மூன்று ராஜாக்கள், ஆலயத்தில் காணிக்கை. எகிப்துக்குத் தப்பிப் போகும் காட்சியில் கொஞ்சம் நில்லுங்கள். முன்னால் மாதாவும் குழந்தையும், மரத்திலிருந்து பழம் பறிக்கும் சூசையப்பரும். பின்னால் தூரத்தில் ஏரோது அரசனின் ஆட்கள் குழந்தைகளை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே சட்டத்துக்குள் ஒரு பிள்ளை தப்புகிறது, மற்ற பிள்ளைகள் சாகின்றன. அந்தக் கலைஞர் இதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். பழத்துக்குக் கை நீட்டும் சூசையப்பரை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்தால் பாதிதான் பார்த்திருப்பீர்கள்.

பீடத்துக்கு மேலே கிழக்கு ஜன்னல். கீழ் வரிசையில் ஐந்து காட்சிகள்: குருத்தோலை ஞாயிறு, பூங்காவனத்து வேதனை, ரோமை ஆளுநர் பிலாத்து, கசையடி, சிலுவை சுமத்தல். மேலே ஐந்து பிரிவுகளுக்கும் சேர்த்து ஒரே காட்சியாகச் சிலுவை மரணம், இரு பக்கமும் கள்ளர்கள். கல் தூண்கள் குறுக்கே போனாலும் கூட்டம் ஒரு பிரிவிலிருந்து மறு பிரிவுக்குத் தொடர்ந்து போகிறது. எங்கள் பங்கில் சிலுவைப்பாதைப் படங்கள் தனித்தனியாகத் தொங்கும், ஒவ்வொன்றாக நின்று செபிப்போம். இங்கே பாடுகள் எல்லாம் ஒரே பார்வையில் மேலும் கீழுமாக வருகின்றன. நடு நாளுக்கு முன் இந்தப் பக்கம் வந்துவிடுங்கள், கிழக்கு வெளிச்சம் அதற்குப் பிறகு மங்கிவிடும்.

இதை அடுத்து வரும் இரண்டு காட்சிகளைத்தான் அம்மா இன்னும் போனில் பேசுகிறார். ஒன்று, கிறிஸ்து பாதாளத்தில் இறங்கி ஆதாமையும் ஏவாளையும் மீட்பது. முதல் ஜன்னலில் பழத்துக்கு ஆசைப்பட்ட அதே ஏவாள் இங்கே வெளியே வருகிறார். வரிசையாகப் பார்க்காதவருக்கு இந்தத் தொடர்பு எங்கே கிடைக்கும்? இரண்டாவது, உயிர்த்த இயேசு தம் தாய்க்குத் தோன்றுவது. இதுவும் நற்செய்தியில் இல்லை. அங்கே மதலேன் மரியாளும் மற்றப் பெண்களும்தான் வருகிறார்கள். ஆனால் அம்மாவுக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை. "பெத்த தாய்கிட்ட போகாம வேற யாருகிட்ட முதல்ல போவாரு?" என்றார். நடுக்காலக் கிறிஸ்தவர்களும் அதையேதான் நம்பினார்கள், அதையேதான் கண்ணாடியில் ஏற்றினார்கள். செபமாலையை எடுத்துக்கொண்டு அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கோவிலைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான தன்னார்வலர் ஒருவர் வந்தார், நான் எழப் போனேன், அவர் கையை அசைத்து இருக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா செபிக்கும் நேரத்தில் நான் கண்ணாடியைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். கீழ்ப் பகுதிகள் சிலவற்றை மூன்று நான்கு அடி தூரத்தில் பார்க்கலாம், இது பெரிய கதீட்ரல்களில் கிடைக்காத வசதி. இவை கண்ணாடியின் மேல் சாயம் பூசிய படங்கள் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. சிவப்பும் நீலமும் பச்சையும் கண்ணாடி உருகும்போதே உள்ளே கலந்த நிறங்கள். ஒவ்வொரு நிறமும் தனித் துண்டு, வெட்டி ஈயப் பட்டைகளால் கோத்திருக்கிறார்கள். முகம், முடி, துணி மடிப்பு எல்லாம் இரும்புத் துகளும் கண்ணாடிப் பொடியும் கலந்த கரும்பழுப்புக் கலவையால் வரைந்து சூளையில் வைத்துச் சுட்டவை. மஞ்சள் மட்டும் தனிக் கதை. வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்புறம் தடவிச் சுட்டால் அந்த இடம் எலுமிச்சை நிறத்திலிருந்து ஆரஞ்சு வரைக்கும் மாறும். இதனால் ஒரே வெள்ளைத் துண்டில் முகமும் பொன் முடியும் கிரீடமும் நடுவில் ஈயக் கோடு இல்லாமல் வந்துவிடும். ஒரு சம்மனசின் தலையைப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்: நெற்றியில் நிறமில்லை, அதே துண்டில் சுருள் முடி பொன்னாக இறங்குகிறது, அதன் மேல் மயிரிழை மாதிரிக் கோடுகள். தூரத்திலிருந்து பார்க்கும் கூட்டத்துக்காக ஒருவரும் அவ்வளவு மெல்லிய கோடு போட வேண்டியதில்லை. சிவப்புக்கும் ஒரு வித்தை உண்டு. முழுத் துண்டும் சிவப்பாக இருந்தால் வெளிச்சமே வராமல் கறுத்துவிடும், அதனால் வெள்ளைக் கண்ணாடிமேல் மெல்லிய சிவப்புப் படலம் ஏற்றுவார்கள். அந்தப் படலத்தை ஆங்காங்கே சுரண்டி எடுத்தால் சிவப்பு உடையில் வெள்ளை வேலைப்பாடு கிடைக்கும்.

சரி, இனி எனக்கு மிகப் பிடித்த இடம். தெற்குச் சுவருக்கு வாருங்கள். மூன்று ஜன்னல்களில் இயேசுவின் சீடர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்கள், ஜன்னலுக்கு நாலு பேர். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் லத்தீன் எழுத்துச் சுருள். பெரும்பாலானவர்கள் இங்கே நிற்பதில்லை. கதை நடக்கவில்லை, ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள், அவ்வளவுதானே என்று போய்விடுகிறார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டு சுருள்களையும் சேர்த்தால் விசுவாசப் பிரமாணம், அதாவது கிறிஸ்தவ நம்பிக்கையைச் சுருக்கிச் சொல்லும் செபம், முழுவதும் வந்துவிடும். அப்போஸ்தலர் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள் என்பது பழைய மரபு. சாவியோடு நிற்கும் இராயப்பர் (பேதுரு) தொடங்கி வைக்கிறார்.

எனக்கு லத்தீன் வாசிக்கத் தெரியாது. தேவையும் இருக்கவில்லை. அம்மா முதல் ஆளைக் கை காட்டி, "பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்த எல்லாம் வல்ல பிதாவாகிய சர்வேசுரனை விசுவசிக்கிறேன்" என்றார். பெருக்கல் குறி வடிவச் சிலுவையோடு பெலவேந்திரர் (அந்திரேயா), அவருக்கு இரண்டாவது வாக்கியம். மூன்றாவது சந்தியாகப்பர் (யாக்கோபு), "அர்ச்சியசிஷ்ட கன்னிமரியம்மாளிடத்திலிருந்து பிறந்தார்" அவருடையது. அருளப்பர் (யோவான்) நாலாவது. ஐந்தாவது ஆளுக்கு வந்தபோது அம்மா சொல்லிக்கொண்டிருந்தது, "பாதாளங்களில் இறங்கி, மூன்றாம் நாள் மரித்தோரிடமிருந்து உயிர்த்தெழுந்தார்." அந்த ஐந்தாவது ஆள் தோமையார். உயிர்த்தெழுந்ததை நம்ப மறுத்து, காயத்தில் விரல் வைத்தால்தான் நம்புவேன் என்றவருக்குத்தான் உயிர்ப்பு வாக்கியம் கிடைத்திருக்கிறது. அவர் விரல் நீட்டும் காட்சியும் இதே கோவிலில், சில அடி தள்ளி இருக்கிறது. மயிலாப்பூருக்கு வந்து உயிர்விட்டவர் என்று நாம் கொண்டாடும் தோமையாரைக் காட்ஸ்வோல்ட்ஸ் கிராமத்தில் இந்த வாக்கியத்தோடு பார்த்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

இதோடு முடியவில்லை. திரும்பி எதிர்ச் சுவரைப் பாருங்கள். வடக்கே பன்னிரண்டு தீர்க்கதரிசிகள், ஒவ்வொரு அப்போஸ்தலருக்கும் நேர் எதிரே ஒருவர். அவர் கையிலும் ஒரு சுருள், அதில் அந்த வாக்கியத்தை நூற்றாண்டுகளுக்கு முன்னரே சொன்ன தீர்க்கதரிசனம். "இதோ கன்னி கருத்தரிப்பாள்" என்ற இசையாஸ் (ஏசாயா), சந்தியாகப்பருக்கு எதிரே. "மரணமே, உனக்கு நான் மரணமாவேன்" என்ற ஓசேயா, தோமையாருக்கு எதிரே. நடுவே நாம் உட்காரும் பெஞ்சுகள். பூசைக்கு வந்து உட்காருகிறவன் தீர்க்கதரிசிக்கும் அப்போஸ்தலனுக்கும் இடையில் உட்காருகிறான். இங்கிலாந்தில் வடக்குச் சுவருக்கு வெயில் அநேகமாகப் படாது, தெற்குச் சுவருக்குத்தான் நாள் முழுக்க வெளிச்சம். வாக்குறுதியை நிழல் பக்கமும் நிறைவேறியதை வெளிச்சப் பக்கமும் வைத்திருக்கிறார்கள்.

மேலே அண்ணாந்து பார்த்தாலும் இதே கணக்குதான். கூரையை ஒட்டிய சிறு ஜன்னல்களில் வடக்குப் பக்கம் திருச்சபையைத் துன்புறுத்தியவர்கள், தலைமைக் குருக்கள் அன்னாஸ், கைப்பாஸ், பிறகு யூதாஸ், ஏரோது என்று. அவர்களுக்கு மேலே பசாசுகள். தெற்குப் பக்கம் வேதசாட்சிகளும் புனிதர்களும், அவர்களுக்கு மேலே சம்மனசுகள். வில்லன்களுக்கு இத்தனை ஜன்னல் கொடுத்த வேறு கோவிலை நான் பார்த்ததில்லை. உயரம் அதிகம், வெறும் கண்ணுக்கு முகங்கள் பிடிபடாது. பறவை பார்க்கும் பைனாகுலர் இருந்தால் கண்டிப்பாக எடுத்துப் போங்கள்.

இப்போது மேற்கு ஜன்னலுக்குப் போகலாம், பையனும் அங்கேதான் காத்திருந்தான். மேல் பாதியில் வானவில்லின் மேல் வீற்றிருக்கும் கிறிஸ்து, ஒரு பக்கம் லீலி மலர், ஒரு பக்கம் வாள். கீழ்ப் பாதியின் நடுவில் தராசோடு மிக்கேல் சம்மனசானவர். நமக்கு இடப் பக்கம் பொன் படிகளில் மோட்சத்துக்கு ஏறுகிறார்கள், இராயப்பர் வாசலில் நிற்கிறார். வலப் பக்கம் நரகம், அடுப்புத் தணல் மாதிரிச் சிவப்பு. கீழ் மூலையில் மீன் தலையோடு வாயைப் பிளந்த பெரிய சாத்தான், வயிற்றிலும் ஒரு முகம். ஒரு நீலப் பசாசு ஒரு பெண்ணைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறது. என் பையனுக்கு இந்தத் தள்ளுவண்டிதான் எல்லாம். செதில், பல், நகம் என்று ஒவ்வொரு பசாசும் வேறு வேறு உருவம், ஒன்றையும் அலட்சியமாக வரையவில்லை. சாயங்காலம் மேற்கு வெயில் இறங்கும்போது இந்தச் சிவப்பு கொழுந்துவிடும்.

ஒன்று தெரிந்துகொண்டு பாருங்கள். 1703 நவம்பரில் தென் இங்கிலாந்தைப் புரட்டிப்போட்ட பெரும்புயலில் இந்த ஜன்னலின் மேல் பாதி நொறுங்கிப்போனது. இன்று அங்கே இருப்பது 1860களில் பழைய அமைப்பைப் பின்பற்றிப் புதிதாகச் செய்தது. வித்தியாசம் சட்டென்று தெரிகிறது. மேலே நிறங்கள் ஒரே சீராக, முகங்கள் இனிமையாக, அச்சடித்தது போல் இருக்கின்றன. கீழே ஒவ்வொரு துண்டிலும் தடிப்பும் குமிழியும் கலந்து வெளிச்சம் உள்ளே அசைகிறது. கிறிஸ்துவின் முகத்தைப் பழைய கலைஞரின் கைவண்ணத்தில் பார்க்க முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. அதைப் பார்க்க மறுபடி கிழக்கு ஜன்னலுக்குத்தான் போக வேண்டும். இதன் இரு பக்கத்து ஜன்னல்களையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றில் குழந்தைக்காகச் சண்டையிட்ட இரு பெண்களுக்கு சாலமோன் சொன்ன தீர்ப்பு, மற்றதில் சவுல் அரசனைக் கொன்றேன் என்று வந்து சொன்னவனுக்கு தாவீது சொன்ன தீர்ப்பு. மனிதர் சொன்ன இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில் கடைசித் தீர்வை.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாம் பார்ப்பது அதனால்தான் சாத்தியம். இரண்டாம் உலகப் போரில் கண்ணாடிகளைக் கழற்றிப் பாதுகாப்பாக வைத்திருந்து போர் முடிந்து மறுபடி பொருத்தினார்கள். 1980களின் பிற்பகுதியில் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் யார்க்கிலுள்ள பார்லி ஸ்டுடியோ ஒவ்வொரு ஜன்னலாக எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப வைத்தது. இப்போது மழையும் காற்றும் படுவது வெளியே உள்ள புதுக் காப்புக் கண்ணாடியில். பழைய கண்ணாடி அதற்கு உள்ளே, இரண்டுக்கும் நடுவே காற்றோட இடைவெளி விட்டுத் தொங்குகிறது. அதனால் பழைய கண்ணாடியின் பின்புறம் ஈரம் படிந்து அரிப்பதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் காப்புக் கண்ணாடிதான் தெரியும், ஏமாற வேண்டாம், உள்ளே வாருங்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. காணிக்கைப் பெட்டி இருக்கிறது, தாராளமாகப் போடுங்கள், இருபத்தெட்டு ஜன்னலைக் காப்பாற்றுவது ஒரு சின்ன ஊர்ப் பங்குக்கு லேசான காரியமில்லை. கையேடு ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள், ஜன்னல்களுக்கு எண் போட்டு எந்தப் பிரிவில் என்ன காட்சி என்று அதில் இருக்கும். வழிபாடு, திருமணம், இசை நிகழ்ச்சி இருந்தால் சுற்றிப் பார்க்க முடியாது, கிளம்பும் முன் அன்றைய நிகழ்ச்சியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல் கட்டடம், கோடையிலும் உள்ளே குளிரும், வயதானவர்களுக்கு ஒரு சால்வை வேண்டும். அம்மாவின் மூட்டு வலிக்கு அந்த பெஞ்சுகள் பெரிய உதவி. ஒவ்வொரு ஜன்னலுக்கு எதிரிலும் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தார்.

படம் எடுக்கிறவர்கள் நல்ல வெயிலைத் தேடாதீர்கள். வெள்ளையாக மேகம் மூடிய நாளில்தான் வரைந்த கோடுகள் தெளிவாக விழும். நேர் வெயிலில் வெள்ளைத் துண்டுகள் கண்ணைக் கூச வைத்துப் பக்கத்து நிறங்களை விழுங்கிவிடும். நிறத்தின் சுகத்துக்கு வெயில், முகங்களின் நுணுக்கத்துக்கு மேகம்.

ஃபேர்ஃபோர்டுக்கு ரயில் கிடையாது, ஆக்ஸ்போர்டிலிருந்து வந்த கிளைப் பாதையை 1962-இல் மூடிவிட்டார்கள். லண்டனிலிருந்து வருகிறவர்கள் பேடிங்டனில் ஏறி ஸ்விண்டனில் இறங்கி, அங்கிருந்து பேருந்தோ டாக்சியோ பிடிக்க வேண்டும். பேருந்துகள் குறைவு, திரும்பும் நேரத்தையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஜூலையில் பக்கத்து விமானப்படைத் தளத்தில் நடக்கும் பெரிய விமானக் கண்காட்சி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். சாலை நகராது, தலைக்கு மேலே ஜெட் போகும்போது தீர்க்கதரிசிகளோடு இருக்க முடியாது.

பிள்ளைகளைக் கூட்டிப் போனால் கல்லறைத் தோட்டத்தில் டிடில்ஸ் என்ற கோவில் பூனையின் கல் உருவத்தைத் தேடச் சொல்லுங்கள். 1963-இலிருந்து 1980 வரை இந்தக் கோவிலில் வாழ்ந்த பூனை. என் பையன் பசாசுகளுக்கு அடுத்தபடியாக அதைத்தான் வீட்டில் வந்து வரைந்தான்.

மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரு மணி நேரத்தில் சுற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன், அவர்களுக்கு நரகமும் ஒரு சில நீலங்களும் மிஞ்சும். நேரம் குறைவுதான் என்றால் எல்லாவற்றையும் ஓடிப் பார்க்க வேண்டாம். ஏவாளிலிருந்து தொடங்கி உயிர்த்தவர் தாயைச் சந்திக்கும் காட்சி வரை நடந்துவிட்டு, அப்போஸ்தலர்களுக்கும் தீர்க்கதரிசிகளுக்கும் நடுவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து விசுவாசப் பிரமாணத்தை மெதுவாகச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த தமிழிலேயே சொல்லுங்கள், எந்த வாக்கியம் யாருடையது என்று வரிசையே காட்டிக்கொடுக்கும். கிறிஸ்தவர் அல்லாத நண்பர்களையும் நான் கூட்டிப் போயிருக்கிறேன், கிளம்பும் முன் காரிலேயே கதையைச் சொல்லிவிடுவேன். ஐந்துக்கு ஐந்து கொடுக்கிறேன். அடுத்த வருடம் சித்தி வருகிறார், அவரை மாலை வெயிலில் மேற்கு ஜன்னலுக்கு முன் உட்கார வைக்கும்படி நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும்.